ஜெயிக்கிற பக்கமே ஓட்டுப் போட்டோம் – ஆரணி விவசாயி ஜெயிச்சது எப்போ?

  

தேர்தல் என்று வந்துவிட்டால் நம்ம ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். "எவன் வந்தா என்னய்யா, ஆளப்போற கட்சிக்கே குத்திடுவோம். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தாத்தான் ஊருக்கு நாலு காரியம் நடக்கும்" என்று ஒரு பெரியவர் சொல்வார். நாலு பேர் ஆமாம் போடுவார்கள். தாத்தா காலத்துப் பேச்சு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் விவசாயிகள். ஒரு விதை நெல்லை ரெண்டு போகம் போட்டுப் பார்த்து விளையவில்லை என்றால் மூன்றாம் போகம் அதைத் தொடமாட்டோம். இந்த ஆளுங்கட்சி விதையை மட்டும் பன்னிரண்டு போகம் போட்டிருக்கிறோம். ஒரு தடவையாவது களத்தில் கொட்டி அளந்து பார்த்தோமா?

அளந்து பார்க்கத்தான் இந்தப் பிரசுரம்.

பன்னிரண்டு தேர்தல், பன்னிரண்டும் ஆளுங்கட்சி பக்கம்!

1967-ல் இருந்து 2016 வரை தமிழ்நாட்டில் பன்னிரண்டு சட்டமன்றப் பொதுத்தேர்தல் நடந்தது. பன்னிரண்டிலும் ஆரணி தொகுதி, கோட்டையைப் பிடித்த பக்கத்தைத்தான் ஜெயிக்க வைத்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

1967-ல் தி.மு.க. முதன்முதலாக ஆட்சிக்கு வந்தது, ஆரணியில் ஏ.சி. நரசிம்மன். 1971-லும் தி.மு.க., அதே நரசிம்மன். 1977-ல் எம்.ஜி.ஆர். வந்தார், நாம் அ.தி.மு.க. வி. அர்ஜுனனை அனுப்பினோம். 1980-ல் டெல்லிக்காரர்கள் ஆட்சியைக் கலைத்தும் எம்.ஜி.ஆரே திரும்ப வந்தார், ஆரணியில் ஏ.சி. சண்முகம். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார், இந்திரா காந்தி சுடப்பட்டு ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, எம். சின்னகுழந்தை ஜெயித்தார். 1989-ல் அ.தி.மு.க. ரெண்டாகப் பிளந்து நின்றது, தி.மு.க. ஏ.சி. தயாளன். 1991-ல் ராஜீவ் காந்தி கொலை, அ.தி.மு.க. ஜெ. அன்பழகன். 1996-ல் ஜெயலலிதா மீது நாடே கோபமாக இருந்தது, தி.மு.க. ஆர். சிவானந்தம். 2001-ல் அந்தக் கோபம் போய்விட்டது, அ.தி.மு.க. கே. ராமச்சந்திரன். 2006-ல் மறுபடி சிவானந்தம்.

2011-ல் ஒரு வேடிக்கை. அ.தி.மு.க. கூட்டணியில் ஆரணியை தே.மு.தி.க.வுக்கு ஒதுக்கினார்கள். முரசு சின்னத்தில் ஆர்.எம். பாபு முருகவேல் ஜெயித்தார். கூட்டணி ஆட்சியைப் பிடித்தது, ஆனால் தே.மு.தி.க. எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தது, 2012-ல் ரெண்டு கட்சிக்கும் சட்டமன்றத்திலேயே சண்டை வந்து பிரிந்தார்கள். ஓட்டுப் போட்டது ஆளுங்கூட்டணிக்கு, கையில் கிடைத்தது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.! 2016-ல் பக்கத்துச் சேவூரைச் சேர்ந்த ராமச்சந்திரன் அ.தி.மு.க.வில் ஜெயித்து, இந்து சமய அறநிலையத் துறை மந்திரியாகவே ஆனார்.

தி.மு.க. ஐந்து தடவை, அ.தி.மு.க. ஆறு தடவை, தே.மு.தி.க. ஒரு தடவை. இப்போது இந்தப் பன்னிரண்டு அலைகளையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஒருவர் நோயில் படுத்தார், ஒருவர் கொல்லப்பட்டார், ஒரு கட்சி பிளந்தது, ஒரு முதலமைச்சர் மேல் கோபம் வந்தது. இதில் எந்த அலையாவது நெல் விலையைப் பற்றியதா? ஏரி மதகைப் பற்றியதா? 1967-ல் மட்டும் அரிசி வந்தது. ரூபாய்க்கு மூணு படி அரிசி என்றார்கள். ஒரு படி என்று ஆரம்பித்து, சென்னையிலும் கோவையிலும் போட்டார்கள். அதுவும் அரிசி வாங்குகிறவனுக்குச் சொன்ன விலை. நெல் விளைவிக்கிறவனுக்கு மூட்டை என்ன விலை என்று அந்த மேடையில் யாரும் பேசவில்லை. களம்பூர் அரிசி என்று ஊர் ஊராகப் பேர் வாங்கிய நெல் விளையும் பூமியில் நின்றுகொண்டு நாமும் அதற்குக் கை தட்டினோம்.

அதற்கு முந்தின கதையும் இருக்கிறது. முதல் பொதுத்தேர்தல் 1952. ஆரணியில் ஜெயித்தது காங்கிரஸ் இல்லை. மாணிக்கவேலு நாயக்கர் ஆரம்பித்த காமன்வீல் கட்சியின் வி.கே. கண்ணன். வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கத்து உழவர்களின் கட்சி, வன்னியர்களின் கட்சி என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள். 375 பேர் கொண்ட சென்னை சட்டசபையில் காங்கிரசுக்கு 152 பேர்தான். ஆட்சி அமைக்க ராஜாஜிக்கு ஆள் தேவைப்பட்டது. காமன்வீல் கட்சி ஆதரவு கொடுத்தது, மாணிக்கவேலு மந்திரி ஆனார். 1954-ல் காமராஜர் மந்திரிசபையிலும் இருந்தார், கட்சி காங்கிரசில் கரைந்தது. காங்கிரசை எதிர்த்துப் போட்ட ஓட்டு ரெண்டே வருஷத்தில் காங்கிரஸ் ஓட்டாக மாறிவிட்டது. போட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்சி தாவுவது இன்று நேற்று வந்த வியாதி என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ல் ஆரணி மக்கள் கட்சியே வேண்டாம் என்று சுயேச்சையாக நின்ற பி. துரைசாமி ரெட்டியாரை அனுப்பினார்கள். அந்தத் தெம்பு அதற்கப்புறம் இந்தத் தொகுதிக்கு வரவே இல்லை.

2021-ல் தான் கணக்கு மாறியது. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, ஆரணியில் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் மறுபடியும் சேவூர் ராமச்சந்திரன். இந்தத் தடவை நமக்கு எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.! கழனிக்காரனுக்கு வித்தியாசம் தெரிந்ததா? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வாங்குகிற மாமூல் கூடினதா, குறைஞ்சுதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வால் வந்தது எது?

எதுவுமே நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அது பொய். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார், நம் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 2006-ல் கருணாநிதி பதவியேற்ற மேடையிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார், ஏறக்குறைய ஏழாயிரம் கோடி ரூபாய். 2016-ல் ஜெயலலிதா சிறு குறு விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தார். 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில், எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி தள்ளுபடி என்றார், 16 லட்சத்துக்கு மேல் விவசாயிகளுக்கு.

ஆனால் ஒன்று யோசியுங்கள். இதெல்லாம் ஆரணிக்கு மட்டுமா வந்தது? எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. இருந்த தொகுதிக்கும் அதே அரசாணைதான், அதே தள்ளுபடிதான். சொசைட்டியில் கடன் இருந்தவனுக்கு எந்தத் தொகுதியாக இருந்தாலும் போச்சு. குத்தகைக்கு உழுதவன், பட்டா தாத்தா பேரிலேயே கிடக்கிறவன், சொசைட்டியில் கடன் கொடுக்காமல் விரட்டப்பட்டு அஞ்சு வட்டிக்கு வாங்கினவன், இவனுக்கு எந்தத் தொகுதியிலும் ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை. அப்படியென்றால் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்ததால் ஆரணிக்கென்று தனியாக வந்தது எது? விரல் விட்டு எண்ணுங்கள். விரல் மிச்சம் இருக்கும்.

செண்பகத்தோப்பு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம கமண்டல நாகநதிக்கு மேலே, படவேடு பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் கட்டிய அணை. 62 அடி ஆழம், 287 மில்லியன் கன அடி பிடிக்கும் என்றார்கள். அது நிறைந்தால் கீழே இருக்கிற ஏரிகளுக்குத் தண்ணி வரும், கிணறு ஊறும். அணையைக் கட்டினார்கள், மதகு வேலை செய்யவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஷட்டர் பழுது, ஷட்டர் பழுது என்றே ஓடியது. மழை பெய்கிற வருஷத்தில் தண்ணி தேக்க முடியாமல் ஓடிப்போனது, பெய்யாத வருஷத்தில் நாம் போர் போட்டுக் கடனாளி ஆனோம். 2020 வாக்கில்தான் ஷட்டரைச் சரி பண்ணினார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் ஆரணிக்கு தி.மு.க. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தார், ஆளுங்கூட்டணியில் ஜெயித்தவர் இருந்தார், கடைசியில் மந்திரியே இருந்தார். ஒரு அணையின் கதவைத் திறந்து மூட இத்தனை பேர் போதவில்லை!

ரயில் கதை ஊருக்கே தெரியும். ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அது இருப்பது களம்பூரில். ஆரணி ஊருக்குள் ரயில் வரும் என்று திண்டிவனம் – நகரி பாதையை 2006-07-ல் அறிவித்தார்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகப் போகும் என்று வரைபடம் காட்டினார்கள். அதற்கப்புறம் எத்தனை தேர்தல்! ஒவ்வொன்றிலும் அந்த ரயில் மேடைக்கு மேடை வந்துபோனது. ஆரணிக்குத்தான் வரவில்லை.

நெல்லுக்கு வருவோம். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் போட்ட தேசிய விவசாயிகள் கமிஷன், சாகுபடிச் செலவுக்கு மேல் பாதியாவது சேர்த்துக் கொடு என்று 2006-லேயே சொல்லிவிட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், கரும்பு டன்னுக்கு 4,000 ரூபாய் என்று அச்சடித்துக் கொடுத்தது. நெல்லுக்கு அந்த 2,500 எப்போது வந்தது தெரியுமா? 2025 செப்டம்பரில். நாலு வருஷம் தாண்டி. அதற்குள் உரம் ஏறியது, டீசல் ஏறியது, அறுவடை மெஷின் வாடகை ஏறியது, நாத்து நட ஆள் கூலி ஏறியது. கரும்புக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு விலையோடு மாநில ஊக்கத்தொகை 349 சேர்த்து 3,500 என்றார்கள். வாக்குக் கொடுத்த நாலாயிரத்துக்கு ஐநூறு குறைவு. இந்தக் கட்சிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எதிர்த்த கட்சி ஆண்ட பத்து வருஷமும் இதே கமிட்டியில், இதே தராசில்தான் நம் மூட்டை ஏறியது.

கரண்ட்டு யார் கொடுத்தது?

"அப்போ ஓட்டால ஒண்ணும் ஆகாதுங்கறீங்களா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. நம்ம மோட்டார் கொட்டாயில் ஓடுகிற கரண்ட்டின் கதையைக் கேளுங்கள்.

1970-ல் பம்ப்செட் கரண்ட்டுக்குக் கட்டணம் ஏற்றினார்கள்.  கோயம்புத்தூர் ஜில்லா விவசாயிகள் எதிர்த்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்துக்குள் மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து தெருத்தெருவாக அடைத்தார்கள். ஆபீஸ் நின்றது, ஊர் நின்றது. அடுத்த பதினைந்து வருஷம் தமிழ்நாடு முழுக்க மறியல், ஜப்தி எதிர்ப்பு, ஜெயில், துப்பாக்கிச் சூடு. தி.மு.க. ஆட்சியிலும் சுட்டார்கள், அ.தி.மு.க. ஆட்சியிலும் சுட்டார்கள்.

1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார். 1990-ல் கருணாநிதி எல்லா விவசாயிக்கும் கொடுத்தார். ரெண்டு கட்சியும் இன்றைக்கும் மேடையில் எங்கள் தலைவர் கொடுத்தார், எங்கள் தலைவர் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கொடுக்கிற நிலைமைக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்த விவசாயி.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நாராயணசாமி நாயுடு 1982-ல் தனியாகக் கட்சியே ஆரம்பித்தார். ஊர்வலத்துக்கு லட்சம் பேர் வந்தார்கள், ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் இல்லை. 1984 டிசம்பர் தேர்தல் பிரச்சாரத்தில் இருக்கும்போதே கோவில்பட்டியில் காலமானார். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இரட்டை இலையும் கையும் அள்ளியது, ஆரணி உட்பட. சங்கத்துக்குக் கொடி பிடித்த அதே கைதான் பூத்துக்குள் போனதும் சினிமாவுக்கும் சாதிக்கும் குத்தியது. இதைச் சொல்ல எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2003-ல் என்ன ஆனது? ஜெயலலிதா ஆட்சி பம்ப்செட்டுக்கு மறுபடி கட்டணம் போட்டது. குதிரைத்திறன் கணக்கில் பில் வந்தது. அப்போது ஆரணி எம்.எல்.ஏ. யார்? ஆளுங்கட்சிதான். அவர் ஆளுங்கட்சியாக இருந்ததால் ஆரணி மோட்டாருக்குப் பில் வராமல் நின்றதா? நிற்கவில்லை. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து நாற்பது இடத்திலும் ஆளுங்கட்சி தோற்றது. ரிசல்ட் வந்த சில நாளிலேயே கட்டணம் ரத்து! ஓட்டுக்குப் பலம் உண்டு ஐயா. ஜெயிக்கிறவன் பின்னால் ஓடுகிற ஓட்டுக்கு அந்தப் பலம் வராது. போனால் போகும் என்று ஆட்சியை மிரள வைத்த ஓட்டுக்குத்தான் வந்தது.

கல் நட்ட கதை

2018-ல் சென்னை – சேலம் எட்டு வழிச் சாலை என்று வந்தார்கள். 277 கிலோமீட்டரில் பெரும்பங்கு, 120 கிலோமீட்டருக்கு மேல், நம்ம திருவண்ணாமலை மாவட்டத்து மண்ணில். போலீசை முன்னால் விட்டு, நட்ட பயிருக்குள் கல் நட்டார்கள். கிணறும் தென்னையும் போகிறதே என்று பெண்கள் கழனியில் விழுந்து புரண்டு அழுததை டி.வி.யில் நாடே பார்த்தது. அன்றைக்கு மந்திரிசபையில் ஆரணிக்காரர் ஒருவர் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். கல்லை நிறுத்தியது மந்திரி இல்லை. நிலம் இழக்க இருந்தவர்களும் அவர்களுக்காக நின்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள், 2019 ஏப்ரல் 8-ல் ஐகோர்ட் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அறிவிப்பு செல்லும் என்று சொல்லியும் அந்த ரோடு போடப்படவில்லை. ஊர் ஊராக இருந்த எதிர்ப்புக்கு பயம் இருந்தது.

அப்போது எதிர்க்கட்சியாக இருந்து கூடவே குரல் கொடுத்தவர்கள்? 2021-ல் ஆட்சிக்கு வந்தார்கள். 2022-ல் நெடுஞ்சாலைத் துறை மந்திரி எ.வ. வேலு, நம்ம மாவட்டத்துக்காரர், நாங்கள் சாலையையே எதிர்க்கவில்லை, விவசாயிகளைக் கலந்து பேசிச் செய்யுங்கள் என்றுதான் சொன்னோம் என்கிற மாதிரிப் பேசினார். எதிர்க்கட்சியாக இருந்தால் ஒரு நாக்கு, ஆளுங்கட்சி ஆனால் ஒரு நாக்கு!

அடுத்தது மேல்மா. 2008 தொகுதி மறுசீரமைப்பில் ஆரணி என்ற பேரிலேயே நாடாளுமன்றத் தொகுதியும் வந்தது. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் சேர்ந்தது. அதில் செய்யாறு பக்கம் மேல்மா உள்ளிட்ட கிராமங்களில் சிப்காட் மூன்றாவது விரிவாக்கம் என்று மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்க வந்தார்கள். 2023 ஜூலையில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நவம்பரில் இருபது பேரைக் கைது செய்தார்கள், ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். குண்டர் சட்டம்! சாராயம் காய்ச்சுகிறவன் மேலும் கொலைகாரன் மேலும் போடுகிற சட்டம், தன் நிலத்தைத் தரமாட்டேன் என்றவன் மேல்! தமிழ்நாடு முழுக்கக் கொதித்தது. சில நாளிலேயே ஆறு பேர் மேல் போட்டதைத் திரும்பப் பெற்றார்கள், பிறகு ஏழாமவர் மேல் போட்டதும் போனது.

இது நடந்து ஐந்தே மாதத்தில், 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல். ஆரணி தொகுதியில் தி.மு.க.வின் எம்.எஸ். தரணிவேந்தன் ஜெயித்தார். அதற்கு முன்னே 2009-ல் காங்கிரஸ் எம். கிருஷ்ணசாமி, 2014-ல் அ.தி.மு.க. செஞ்சி ஏழுமலை, 2019-ல் கிருஷ்ணசாமியின் மகன் விஷ்ணு பிரசாத். ஜெயித்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குண்டர் சட்டம் போட்ட கட்சி, ஐந்து மாதத்தில் அதே மண்ணில் ஓட்டுக் கேட்டு வந்தபோது, நிலம் எடுப்பதைக் கைவிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தோமா? எதிர்த்து நின்ற கட்சிகளிடமாவது எழுதி வாங்கினோமா? பிரச்சார ஜீப் வந்தது, ஆரத்தி எடுத்தோம், தட்டில் விழுந்ததை எண்ணினோம்.

நம்மைப் பிரித்து வைத்திருக்கிற வித்தை

ஆரணி டவுனுக்குள் மீட்டிங் போட்டால் வேட்பாளர் பட்டைப் பற்றிப் பேசுவார். கிராமத்துக்கு வந்தால் நெல்லைப் பற்றிப் பேசுவார். ரெண்டையும் ஒரே மேடையில் பேசவே மாட்டார். ஏன் தெரியுமா? ரெண்டும் ஒரே குடும்பம். அண்ணன் கழனியைப் பார்க்கிறான், தம்பி தறியில் உட்கார்ந்திருக்கிறான். 2011-ல் வெளிநாட்டுக் கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரியை 30 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தபோது, நூல் விலை குறையும் என்று நெசவாளிக்குச் சொன்னார்கள். மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிற விவசாயி தலையில் துண்டு. கைத்தறிக்கு என்று ரகம் ஒதுக்கி 1985-ல் சட்டம் இருக்கிறது. விசைத்தறியில் அதே ரகத்தை ஓட்டுகிறவனைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. தறிக்காரன் கூலி குறைந்தால் நம்ம ஊர் மளிகைக் கடையில் பாக்கி ஏறும். நெல் விலை விழுந்தால் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு எடுக்கமாட்டோம். ஒருத்தன் வயிறு இன்னொருத்தன் கையில் இருக்கிறது. நாம் சேர்ந்து நின்று கேட்டுவிடக் கூடாது என்றுதான் தனித்தனி மேடை.

போதாததற்கு சாதிக் கணக்கு. வன்னியர் ஓட்டு இவ்வளவு, முதலியார் ஓட்டு இவ்வளவு, காலனி ஓட்டு இவ்வளவு என்று கூட்டிக் கழித்து ஆளை நிறுத்துகிறார்கள். எந்தக் கட்சியின் நோட்டுப் புத்தகத்திலாவது நெல் போடுகிறவன் ஓட்டு இவ்வளவு, மாடு வைத்திருக்கிறவன் ஓட்டு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறதா? கூலிக்கு நாத்து நடுகிற தாய்மார்கள் ஓட்டு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

அப்படியானால் என்ன செய்யலாம்?

விவசாயிகள் தேர்தலையே போராட்டமாக மாற்றிய ரெண்டு ஊரைச் சொல்கிறோம். 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி தொகுதியில், எங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கும்பல் கும்பலாக மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்த வேட்பாளர் 1,033 பேர்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். இந்தியா முழுக்கப் பேர் வந்தது. ஆனால் நின்றவர்களில் பல பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அரசாங்கம் என்ன செய்தது? கோரிக்கையைக் கவனிப்பதற்குப் பதில் டெபாசிட்டை 250 ரூபாயில் இருந்து 5,000 ஆக்கியது.

இன்னொன்று தெலங்கானா நிஜாமாபாத். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் மஞ்சள் விவசாயிகள் 170 பேருக்கு மேல் நின்றார்கள். முதலமைச்சர் மகள் கவிதாவே தோற்றார். ஜெயித்த பா.ஜ.க. வேட்பாளர் அரவிந்த், மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஜெயித்ததும் இழுத்தடித்தார். விவசாயிகள் அந்தத் தாளை விடவில்லை. போகிற இடமெல்லாம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் மஞ்சள் வாரியம் திறந்தார்கள். ஆறு வருஷம் ஆனது. ஆனால் வந்தது.

நம் சங்கம் வேட்பாளரை நிறுத்தப் போவதில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடு என்றும் சொல்லாது, போடாதே என்றும் சொல்லாது. நீங்கள் எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறோம். சட்டமன்றமோ, நாடாளுமன்றமோ, பஞ்சாயத்தோ, ஓட்டுக் கேட்டு எவர் ஊருக்குள் வந்தாலும் ஜீப்பில் நின்று கும்பிட்டுப் போக விடாதீர்கள். இறக்கிக் களத்துமேட்டில் உட்கார வையுங்கள். மரியாதையாக, ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். கேளுங்கள்: அறுவடைக்கு முன்னாலேயே கொள்முதல் நிலையம் திறக்க என்ன செய்வீர்கள், மூட்டைக்கு மாமூலை எப்படி நிறுத்துவீர்கள்? கமண்டல நாகநதியில் மணல் அள்ளுவதற்கு உங்கள் கட்சிக்காரர் யார் யார் போகிறார்கள்? நம்ம ஏரிக்குத் தண்ணி வருகிற கால்வாயை எப்போது தூர் வாருவீர்கள், ஆக்கிரமிப்பு எடுப்பீர்களா? குத்தகைக்காரனுக்கு சொசைட்டியில் கடன் உண்டா? விளைநிலத்தை சாலைக்கோ சிப்காட்டுக்கோ கேட்டால் கிராமசபைத் தீர்மானத்துக்கு மேல் கை வைக்கமாட்டேன் என்று எழுதித் தருவீர்களா?

வாயால் சொல்வதை வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்தப் பிரசுரத்தோடு ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். கேள்விகளை உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி அதில் எழுதி, வேட்பாளர் கையெழுத்தை வாங்குங்கள். வாங்கியதை நகல் எடுத்து ரேஷன் கடைச் சுவரில், பால் சொசைட்டியில், கோயில் மண்டபத்தில் ஒட்டுங்கள். கையெழுத்துப் போடாமல் போனவர் பேரையும் அதே சுவரில் எழுதுங்கள். ஜெயித்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போவோம், ஒரு ஊர் ஆள் மட்டும் போனால் வாட்ச்மேன் துரத்துவான், பத்து ஊர் சேர்ந்து டிராக்டரில் போவோம்.

ஆரணி தொகுதிக் கணக்கை இங்கே 2021 வரைக்கும் எழுதியிருக்கிறோம். அதற்கப்புறம் நடந்ததை, நடக்கப்போவதை உங்கள் கையாலேயே கீழே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் ஜெயித்தார், எந்தக் கட்சி, களத்துமேட்டில் என்ன எழுதிக் கொடுத்தார், அதில் எது நடந்தது. வீட்டில் பட்டா வைக்கிற டிரங்குப் பெட்டியிலேயே அந்தத் தாளையும் போட்டு வையுங்கள். அடுத்த தடவை ஜீப் வரும்போது தேட வேண்டியிருக்காது.